சட்டைப் பைக்குள் ஹை-ரெஸ்: குறைந்த செலவில் நாமே செய்ய நான்கு வழிகள்

நல்ல இயர்போன் இருக்கிறது; ஃப்ளாக் (தரம் குறையாமல் சுருக்கிய இசை) கோப்புகள் சேர்ந்துவிட்டன; புதிய போனிலோ இயர்போன் துளையே இல்லை. கடையில் விற்கும் ஹை-ரெஸ் (குறுந்தகட்டை விட நுணுக்கமாகப் பதிவான இசை) பிளேயருக்குக் கேட்கும் விலையைக் கொடுக்க மனம் வரவில்லை. இந்த நிலையில் இருக்கும் வாசகர்களின் கேள்விகள் ஒன்றுபோலவே வருகின்றன: ராஸ்பெர்ரி பை என்ற குட்டிக் கணினிப் பலகையில் நாமே கட்டிக்கொள்ளலாமா? சும்மா கிடக்கும் பழைய போனை இசைக்கென்றே ஒதுக்கிவிடலாமா? பழைய ஐபாட் ஒன்றைத் திறந்து புதுப்பிக்கலாமா? ஈஎஸ்பி32 என்ற மலிவான கட்டுப்பாட்டுச் சில்லை வைத்து அடியிலிருந்து தொடங்கலாமா?

கேட்பவர்கள் பெரும்பாலும் டாக் சில்லின் பெயரில் தொடங்குகிறார்கள். (டாக் என்பது எண்களாக இருக்கும் இசையை மின்னலையாக மாற்றும் பகுதி.) எது 32 பிட், எது 384 கிலோஹெர்ட்ஸ் என்ற பட்டியல் அவர்கள் கையில் இருக்கும். அந்தப் பட்டியலை நான் கடைசிக்குத் தள்ளுவேன். இன்று மிக மலிவாகக் கிடைக்கும் டாக் சில்லுகளே நம் காதுக்குத் தேவையானதைத் தாராளமாகத் தந்துவிடுகின்றன. கையால் கட்டிய பிளேயர்கள் சொதப்புவது வேறு மூன்று இடங்களில்: இயர்போனை ஓட்டும் ஆம்ப்ளிஃபயர், பேட்டரியிலிருந்து வரும் மின்சாரம், தினமும் விரல் படும் பொத்தான்கள். ஆகவே அளவுகோல்களை முதலில் வைத்துவிட்டு, அதன் பிறகு ஒவ்வொரு வழியாகப் பார்ப்போம்.

## அளவுகோல்கள்

எவ்வளவு ஹை-ரெஸ் வேண்டும்? குறுந்தகட்டில் இருப்பது 16 பிட், நொடிக்கு 44,100 மாதிரிகள் (ஒலியின் அளவீடுகள்). ஹை-ரெஸ் என்று விற்கப்படும் கோப்புகள் பெரும்பாலும் 24 பிட், 96 கிலோஹெர்ட்ஸ், சில 192. பிட் கூடினால் மிக மெல்லிய ஒலிக்கும் மிக உரத்த ஒலிக்கும் இடையிலான தூரம் கூடும்: 16 பிட்டுக்கு ஏறத்தாழ 96 டெசிபல், 24 பிட்டுக்குக் கணக்குப்படி 144. இந்த 144-ஐ எந்த ஆடியோ டாக்கும் எட்டுவதில்லை. மிகச் சிறந்தவையும் அதற்குக் கீழேயே நின்றுவிடுகின்றன. மாதிரி எடுக்கும் வேகத்தில் பாதிதான் பதிவாகக்கூடிய உச்ச அதிர்வெண். 44.1-இல் அது 22 கிலோஹெர்ட்ஸ். இளம் காது கேட்பது 20 வரை.

2007-இல் அமெரிக்க ஒலிப் பொறியியல் சங்கத்தின் இதழில் ஒரு சோதனை வெளியானது. ஹை-ரெஸ் இசை ஓடும் பாதையின் நடுவே, அதைக் குறுந்தகட்டுத் தரத்துக்கு இறக்கும் கருவியைச் செருகினார்கள். கேட்டவர்களால் வேறுபாட்டைச் சொல்ல முடியவில்லை. 2016-இல் அதே இதழில் 18 ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்த கட்டுரை, வேறுபாடு தெரிகிறது, ஆனால் மிகக் கொஞ்சம் என்றது: சரியான விடைகள் 52.3 சதவீதம். கண்ணை மூடிக்கொண்டு ஊகித்தாலே 50 கிடைத்துவிடும். நான் இதிலிருந்து எடுத்துக்கொள்வது இதுதான்: 24 பிட், 96 கிலோஹெர்ட்ஸ் கோப்பை இடையில் உருமாற்றாமல் இசைக்கும் கருவி போதும். அதற்கு மேலான எண்களுக்காகப் பணம் கொடுக்க வேண்டாம்.

இடக் கணக்கும் இங்கேயே முடிந்துவிடுகிறது. சுருக்காத 24/96 இசை ஒரு மணி நேரத்துக்கு ஏறத்தாழ 2 ஜிபி; ஃப்ளாக்கில் சுருக்கினால் பெரும்பாலும் அதில் பாதியை ஒட்டியோ சற்று மேலாகவோ வரும். 128 ஜிபி கார்டில் ஏறத்தாழ நூறு மணி நேரம்.

ஆம்ப்ளிஃபயர். எண்களாகப் பார்த்தால் பயம் தெளியும். 32 ஓம் இயர்போன், 1 மில்லிவாட்டுக்கு 105 டெசிபல் என்று வைத்துக்கொள்வோம். அந்த 105 டெசிபலை எட்ட 0.18 வோல்ட் போதும்; அதுவே காதைக் கிழிக்கும் சத்தம். 300 ஓம் பெரிய ஹெட்போன், 1 மில்லிவாட்டுக்கு 100 டெசிபல் என்றால், 110 டெசிபல் உச்சங்களுக்கு 10 மில்லிவாட் வேண்டும், அதாவது ஏறத்தாழ 1.7 வோல்ட். உங்களிடம் இருப்பது எந்த வகை என்பதை இப்போதே பார்த்துக்கொள்ளுங்கள். வழியைப் பாதி முடிவுசெய்வது அதுதான். கூடவே, ஆம்ப்ளிஃபயரின் வெளியீட்டு மின்தடை இயர்போன் மின்தடையில் எட்டில் ஒரு பங்கைத் தாண்டக் கூடாது. 32 ஓமுக்கு 4 ஓம். தாண்டினால் பல இயர்போன்களில் இசையின் நிறமே மாறும்.

மின்சாரம். எத்தனை மணி நேரம் ஓடுகிறது என்பது ஒரு பாதி. இரைச்சல் இல்லாமல் ஓடுகிறதா என்பது மறு பாதி.

கைப்பழக்கம். பொத்தானை அழுத்தியதும் பாட்டு வருகிறதா? பையிலிருந்து எடுக்காமலே அடுத்த பாட்டுக்குப் போக முடிகிறதா?

மொத்தச் செலவு. பலகையின் விலை செலவில் ஒரு பகுதி மட்டுமே. கார்டு, பேட்டரி, சார்ஜ் சுற்று, திரை, பொத்தான், பெட்டி, வயர், தனித்தனியாகத் தருவிக்கும் கூலி ஆகியவற்றைக் கூட்டிய பிறகே ஒப்பிட வேண்டும்.

இன்னொன்று. ப்ளூடூத் ஹெட்போனில்தான் கேட்கப்போகிறீர்கள் என்றால் இந்த முயற்சியே வேண்டாம். ப்ளூடூத்தில் உயர்ந்த தரம் என்று பேசப்படும் எல்டாக் முறையே நொடிக்கு அதிகபட்சம் 990 கிலோபிட் அனுப்புகிறது. சுருக்காத 24/96 இசைக்கு வேண்டியது 4,608 கிலோபிட். எந்தப் பெட்டியிலிருந்து புறப்பட்டாலும் காதுக்கு வருவது சுருங்கிய இசைதான்.

## வழி 1: பழைய போனும் யூஎஸ்பி டாங்கிளும்

"இதைச் செய்தது என்று சொல்ல முடியுமா?" என்று சிலர் முகம் சுளிப்பார்கள். ஆனால் திரை, பேட்டரி, சார்ஜ் சுற்று, பொத்தான், பெட்டி எல்லாம் ஏற்கெனவே கையில் இருக்கின்றன. பலகையில் நாமே கட்டும் வழிகளில் பணத்தையும் பொழுதையும் தின்பவை இவைதான். டாக்கையும் ஆம்ப்ளிஃபயரையும் விரல் நீளத்துக்குள் அடக்கிய டாங்கிள் ஒன்றை மட்டும் வாங்கினால் போதும். சாதாரண டாங்கிள்கள் 1 வோல்ட் அளவில் தருகின்றன. 32 ஓமில் அது 31 மில்லிவாட், பெரும்பாலான இயர்போன்களுக்கு மிகவும் அதிகம். 300 ஓம் ஹெட்போன் வைத்திருப்பவர்கள் 2 வோல்ட் தரும் டாங்கிளைத் தேட வேண்டும்.

சிக்கல் மென்பொருளில் இருக்கிறது. ஆண்ட்ராய்டு எல்லாச் செயலிகளின் ஒலியையும் ஒரே தொட்டியில் கலந்து, வழக்கமாக 48 கிலோஹெர்ட்ஸுக்கு மாற்றித்தான் வெளியே விடும். 96 கிலோஹெர்ட்ஸ் கோப்பைப் போட்டாலும் டாங்கிளுக்குப் போவது 48. இதைத் தாண்ட இரண்டு வழிகள் உண்டு. ஆண்ட்ராய்டு 14 முதல், ஒலியை மாற்றாமல் யூஎஸ்பி வழியே அனுப்பும் வசதியை இயங்குதளமே தருகிறது; ஆனால் செயலியும் போனும் அதை ஆதரிக்க வேண்டும். பழைய போனில் அதற்கு வாய்ப்பில்லை. ஆகவே சொந்த யூஎஸ்பி இயக்கியோடு வரும் இசைச் செயலியைப் போட வேண்டும். அவை பெரும்பாலும் காசு கொடுத்து வாங்க வேண்டியவை. மறைந்திருக்கும் முதல் செலவு இது.

டாங்கிளில் சிறு விளக்கு இருந்து, மாதிரி வேகத்துக்கேற்ப நிறம் மாறினால் அதைத் தேர்ந்தெடுங்கள். 96 கிலோஹெர்ட்ஸ் கோப்பு ஓடும்போது விளக்கு 48-க்கான நிறத்திலேயே நின்றால், இடையில் யாரோ கை வைத்திருக்கிறார்கள் என்று பொருள். சத்தம் மிகக் குறைவாக வந்தாலும் டாங்கிளைக் குறை சொல்லிவிடாதீர்கள். சில டாங்கிள்களின் உள் ஒலியளவை ஆண்ட்ராய்டு பாதியிலேயே நிறுத்தி வைத்துவிடும். சொந்த இயக்கியுள்ள செயலி அதை முழுதாகத் திறந்துவிடும்.

பழைய போனுக்கு என்று சில கவலைகள் உண்டு. பின்மூடி சற்றே உப்பியிருந்தால் உள்ளே பேட்டரி வீங்கியிருக்கிறது; அந்தப் போனைத் தொடவே வேண்டாம். பாதுகாப்புப் புதுப்பிப்புகள் நின்றுபோன போன் என்பதால், வங்கிக் கணக்கு, மின்னஞ்சல் எல்லாவற்றையும் நீக்கிவிட்டு, விமானப் பயன்முறையிலேயே வைத்திருங்கள். பேட்டரியும் நீடிக்கும். போனில் ஒரே ஒரு யூஎஸ்பி துளைதான் என்பதால் கேட்டுக்கொண்டே சார்ஜ் போடவும் முடியாது. இரண்டையும் பிரித்துத் தரும் இணைப்பி தனியாக வேண்டும். டாங்கிள் தொங்கும் வயர் பைக்குள் மடிந்து மடிந்து, நாளடைவில் துளை தளரும். போனின் முதுகில் டாங்கிளை ஒட்டிவைத்து, வளைந்த தலை கொண்ட குட்டி வயரால் இணைத்தால் இந்தத் தொல்லை பெருமளவு குறையும்.

டாங்கிளே வேண்டாத போன்களும் உண்டு. எல்ஜி நிறுவனம் 2016-இல் வெளியிட்ட வி20 முதல் சில மாடல்களில் தரமான டாக்கும் இயர்போன் துளையும் உள்ளேயே இருந்தன. வி20-இல் பேட்டரியைக் கையால் கழற்றி மாற்றலாம். மெமரி கார்டும் போடலாம். 2021-இல் எல்ஜி போன் தொழிலையே விட்டுவிட்டது. பழைய பொருள் சந்தையில் நல்ல நிலையில் ஒன்று கிடைத்தால், இந்தக் கட்டுரையின் மீதியைப் படிக்காமலே வாங்கிவிடலாம்.

## வழி 2: ராஸ்பெர்ரி பை

கட்டும் ஆசையோடு வருபவர்கள் நிற்கும் இடம் இது. 2021 அக்டோபரில் வந்த பை ஜீரோ 2 டபிள்யூ பலகை 65-க்கு 30 மில்லிமீட்டர். ஒரு கிகாஹெர்ட்ஸில் ஓடும் நான்கு கருக்கள், 512 எம்பி நினைவகம். ஃப்ளாக் கோப்பை விரிப்பது இதற்குச் சிரமமே இல்லாத வேலை. பலகையில் இயர்போன் துளை கிடையாது. ஒலியை வெளியே எடுக்க இரண்டு பாதைகள் உண்டு. இரண்டுக்கும் வேறுபாடு நிறைய.

முதல் பாதை, எல்லாரும் எடுப்பது: பிசிஎம்5102ஏ சில்லு உள்ள சின்னஞ்சிறு டாக் பலகை. டெக்சாஸ் இன்ஸ்ட்ருமென்ட்ஸ் தயாரிப்பு. 112 டெசிபல் தூய்மை, 32 பிட், 384 கிலோஹெர்ட்ஸ். மின்சாரத்துக்கு இரண்டு வயர், இசைக்கு மூன்று வயர். பை பலகையின் 18, 19, 21 எண்ணுள்ள ஜிபிஐஓ (வெளிக்கருவிகளை இணைக்கும்) முனைகளில் அவற்றைச் சேர்க்க வேண்டும். சேர்த்த பிறகு, திரையில் பாட்டு ஓடுகிறது, இயர்போனில் மயான அமைதி. பலரும் பலகை பழுது என்று தூக்கிப் போடும் இடம் இது. பலகையைத் திருப்பிப் பாருங்கள். பின்புறம் ஒன்று முதல் நான்கு வரை எண்ணிட்ட நான்கு இணைப்புத் திட்டுகள் இருக்கும். ஒவ்வொன்றும் மேல்நிலை, கீழ்நிலை என இரண்டு பக்கம் பிரியும். மூன்றாவது, ஒலியைத் திறந்து மூடும் முனை. அதைச் சாலிடர் துளியால் மேல்நிலையோடு சேர்க்க வேண்டும். மற்ற மூன்றும் கீழ்நிலையோடு. முன்புறத்தில் கடிகார முனைக்கு அருகே உள்ள திட்டையும் சேர்த்துத் தரையோடு (சுற்றின் சுழிய வோல்ட் முனையோடு) இணைத்துவிட்டால், சில்லு தனக்கு வேண்டிய கடிகாரத்தை (மாதிரிகளுக்கு நேரம் காட்டும் துடிப்பை) தானே உண்டாக்கிக்கொள்ளும். பல பலகைகள் இவை எதுவும் செய்யாமல்தான் வருகின்றன.

ஒலி வந்துவிட்டது. ஆனால் வருவது 2.1 வோல்ட் லைன் வெளியீடு. இன்னொரு ஆம்ப்ளிஃபயருக்குள் செலுத்துவதற்கானது. 1,000 ஓமுக்குக் குறையாத சுமைக்கு என்று வடிவமைக்கப்பட்டது. 32 ஓம் இயர்போனை நேரடியாகச் செருகினால் சத்தம் வரும். அதோடு சிதைவும் சேர்ந்து வரும். இயர்போனுக்கென்றே செய்த ஆம்ப்ளிஃபயர் சில்லு ஒன்று நடுவில் வேண்டும். டிபிஏ6132 போன்றவை பொருத்தமானவை.

இங்கே ஒரு எச்சரிக்கை. மலிவு என்பதற்காகப் பலர் பிஏஎம்8403, மேக்ஸ்98357 பலகைகளை வாங்கிவிடுகிறார்கள். இரண்டும் ஒலிபெருக்கிக்கானவை. அவற்றின் கழித்தல் முனை தரை அல்ல. அதிலும் இசை ஓடுகிறது. சாதாரண இயர்போன் முள்ளிலோ இடது, வலது இரண்டின் கழித்தல் வயரும் ஒன்றாகச் சேர்ந்திருக்கும். பிஏஎம்8403-இன் இரு கழித்தல் முனைகளை அப்படிச் சேர்த்தால் சில்லு சூடேறும், எரியவும் கூடும். டபிள்யூஎம்8960 பலகை இன்னொரு வகைப் பொறி. அதில் இயர்போன் ஆம்ப்ளிஃபயர் உண்டு, மைக் உண்டு, பை ஜீரோ பலகையின் அளவுக்கே கச்சிதமாகப் பொருந்தும். ஆனால் சில்லின் உச்ச வேகமே 48 கிலோஹெர்ட்ஸ்.

இரண்டாவது பாதையைத்தான் நான் பரிந்துரைப்பேன்: வழி 1-இல் சொன்ன அதே டாங்கிளைப் பையின் யூஎஸ்பி துளையில் செருகிவிடுங்கள். டாக், ஆம்ப்ளிஃபயர், ஒலியளவுக் கட்டுப்பாடு எல்லாம் தயாராக வந்துவிடும். லினக்ஸில் ஆண்ட்ராய்டின் கலவைத் தொட்டி போன்ற தொல்லை இல்லை. எம்பிடி என்ற இசை மென்பொருளை, லினக்ஸின் ஒலிப் பகுதியான ஆல்சாவின் வன்பொருள் வெளியீட்டோடு நேரடியாக இணைத்தால், கோப்பில் இருப்பது அப்படியே டாக்குக்குப் போகும். சாலிடர் இரும்பைத் தொடாமலே ஒலிப் பகுதி முடிந்துவிடுகிறது.

கடிகாரத் துல்லியம் பற்றியும் கேட்கிறார்கள். பை தன் உள் கடிகாரத்தைப் பின்ன எண்ணால் வகுத்து இசைக்கான கடிகாரத்தை உண்டாக்குவதால் அதில் சிறு தள்ளாட்டம் இருப்பது உண்மை. 22.5792, 24.576 மெகாஹெர்ட்ஸ் என இரண்டு படிகங்களைத் தன்னிடமே வைத்திருக்கும் டாக் பலகைகள் அதைத் தவிர்க்கின்றன. ஆனால் அவற்றின் விலை கூடுதல். அந்தப் பணத்தை நான் பேட்டரிப் பக்கம் போடுவேன்.

ஏனென்றால், பை பிளேயரின் பெரும் தலைவலி அங்கேதான். பை, டாக், சிறு திரை எல்லாம் சேர்ந்து 1.2 வாட் இழுப்பதாக வைத்துக்கொள்வோம். 2,000 மில்லியாம்பியர்-மணி லித்தியம் கலத்தில் 7.4 வாட்-மணி இருக்கிறது. 3.7 வோல்ட்டை 5 ஆக உயர்த்தும்போது 15 சதவீதம் போய்விட்டால் மிஞ்சுவது 6.3. ஆக, ஐந்து மணி நேரத்தைச் சற்றே தாண்டும். அந்த உயர்த்தும் சுற்று விநாடிக்குப் பல லட்சம் முறை திறந்து மூடுவதால், அதன் இரைச்சல் டாக்குக்குள் நுழையும். மெல்லிய வீணை இசையின் நடுவே 'கிர்' என்றோ, கார்டைப் படிக்கும்போதெல்லாம் சிறு கீச்சொலியாகவோ கேட்கும். டாக்குக்கென்று மின்னழுத்தத்தை நிலைப்படுத்தும், இரைச்சல் குறைந்த தனி ரெகுலேட்டர் வைத்து, தரை வயர்களை ஓரிடத்தில் சேர்ப்பதுதான் மருந்து.

சார்ஜுக்கு எல்லாரும் வாங்கும் டிபி4056 பலகை, மாற்றம் செய்யாவிட்டால் 1 ஆம்பியரில் சார்ஜ் ஏற்றும். 500 மில்லியாம்பியர்-மணி குட்டிக் கலத்துக்கு அது மிகவும் அதிகம். பலகையில் உள்ள மின்தடையை மாற்றி மின்னோட்டத்தைக் குறைக்க வேண்டும். பாட்டு ஓடிக்கொண்டே சார்ஜ் ஏறினால், கலம் நிறைந்ததா என்பதை இந்தச் சில்லால் சரியாகக் கண்டுபிடிக்க முடியாது. பவர்பேங்க் சில்லு உள்ள பலகைகளில் வேறு குறை: சுமை மிகக் குறைவாக இருந்தால் தாமாகவே அணைந்துவிடும் வகைகள் உண்டு. லித்தியம் கலத்தின் மேல் நேரடியாகச் சாலிடர் வைக்காதீர்கள். பாதுகாப்புச் சுற்றும் வயரும் இணைந்தே வரும் கலத்தை வாங்குங்கள்.

அடுத்தது கைப்பழக்கம். மூட் ஆடியோ, வால்யூமியோ, பைகோர்பிளேயர் ஆகியவை அருமையான மென்பொருள்கள். ஆனால் அவை அலமாரியில் இருக்கும் பிளேயரை வைஃபை வழியே போனில் இயக்குவதற்காகப் பிறந்தவை. பேருந்தில் நின்றபடி பாட்டை மாற்ற இன்னொரு கையில் போனை எடுக்க வேண்டும் என்றால், பிளேயர் எதற்கு? ஆகவே பொத்தான்களையும் திரையையும் இணைத்து, அவற்றுக்கான சிறு நிரலை நீங்களே எழுத வேண்டும். கட்டுவதில் பெரும்பொழுது கரைவது இங்கேதான். ராஸ்பெர்ரி பைக்குத் தூக்க நிலை என்று ஒன்று கிடையாது என்பதையும் மறக்க வேண்டாம். ஒன்று ஓடிக்கொண்டே இருக்க வேண்டும். இல்லையேல் ஒவ்வொரு முறையும் அரை நிமிடம் போலக் காத்திருக்க வேண்டும். ஓடும்போது திடீரென்று மின்சாரம் போனால் கார்டில் உள்ள தகவல் கெடக்கூடும். முழுவதும் நினைவகத்திலிருந்தே ஓடும் பைகோர்பிளேயர் இதற்கு நல்ல காப்பு.

இவ்வளவும் சொன்ன பிறகும், தன் கையால் கட்டி, தான் எழுதிய நிரலில், தன் விரலுக்கேற்ற இடத்தில் வைத்த பொத்தானை அழுத்திப் பாட்டுக் கேட்கும் இன்பத்தை வேறெதுவும் தராது. அதற்காகவே இதைத் தேர்ந்தெடுங்கள். காசு மிச்சமாகும் என்று தேர்ந்தெடுக்காதீர்கள். கார்டு முதல் பெட்டி வரை கூட்டினால், கடையில் விற்கும் தொடக்கநிலைப் பிளேயரின் விலையை எளிதாகத் தொட்டுவிடும்.

## வழி 3: பழைய ஐபாட்

2005-இல் வந்த ஐந்தாம் தலைமுறை ஐபாடையும் 2007-இல் வந்த கிளாசிக்கையும்தான் பலரும் தேடுகிறார்கள். உள்ளே சுழலும் வட்டை எடுத்துவிட்டு, அந்த இடத்தில் மெமரி கார்டு ஏற்கும் அடாப்டரை வைப்பார்கள். வட்டு இருந்த இடம் மிஞ்சுவதால் பெரிய பேட்டரியும் உள்ளே போகும். ஆப்பிளின் சொந்த மென்பொருள் ஃப்ளாக்கை இசைக்காது. ராக்பாக்ஸ் என்ற இலவச மென்பொருளை ஏற்றினால் இசைக்கும். பைக்குள் கைவிட்டு, பார்க்காமலே சக்கரத்தைச் சுழற்றிப் பாட்டை மாற்றும் வசதியில் இன்றுவரை இதற்கு இணை இல்லை.

ஆனால் இது ஹை-ரெஸ் பிளேயர் ஆகாது. ராக்பாக்ஸ் 24/96 கோப்பைத் திறக்கும். வெளியே விடும்போது 16 பிட்டுக்கும் குறைந்த வேகத்துக்கும் இறக்கித்தான் விடும். மேலே சொன்ன ஆய்வுகளை நம்புகிறவருக்கு இது பெரிய இழப்பில்லை. எண்கள் சரியாக இருந்தால்தான் மனம் அமைதியாகும் என்பவர் வேறு வழி பார்ப்பது நல்லது.

திறப்பதுதான் கடினம். உலோகப் பின்மூடி உட்புறக் கொக்கிகளால் இறுகப் பிடித்திருக்கும். அவசரப்பட்டால் விளிம்பு வளைந்து பிறகு சரியாக மூடாது. ஐந்தாம் தலைமுறையில் பேட்டரி நாடாவைப் பிடித்திருக்கும் சிறு பூட்டு நகத்தின் அழுத்தத்துக்கே உடையும். மெல்லிய பிளாஸ்டிக் கருவியால், கொக்கி கொக்கியாக, பொறுமையோடு திறக்க வேண்டும். அடாப்டர், கார்டு, பேட்டரி மூன்றும் சேர்ந்து ஐபாடின் விலையையே தாண்டக்கூடும் என்பது மறைந்திருக்கும் செலவு.

## வழி 4: ஈஎஸ்பி32

கற்றுக்கொள்ள ஆசைப்படுபவருக்கு மட்டும். சில்லு மிக மலிவு, வயர்லெஸை அணைத்துவிட்டால் சில பத்து மில்லியாம்பியரில் ஓடும், அழுத்தியதும் விழித்துக்கொள்ளும். ராஸ்பெர்ரி பையின் இரண்டு பெரிய குறைகளும் இதில் இல்லை. ஆனால் உள்ளே இருப்பது 520 கேபி நினைவகம். சுருக்காத 24/96 இசை ஒரு நொடிக்கு 576 கேபி கேட்கும். அதாவது ஒரு நொடி இசையைக்கூட முழுதாக வைத்துக்கொள்ள இடமில்லை. கார்டு ஒரு கணம் தயங்கினால் பாட்டு விக்கும். கூடுதல் நினைவகம் உள்ள பலகை கட்டாயம். ஆயிரக்கணக்கான பாடல்களைப் பாடகர் வாரியாக அடுக்கிக் காட்டும் பட்டியலை இந்த இடத்துக்குள் எழுதுவது தனி வித்தை. எம்பி3, குறுந்தகட்டுத் தர ஃப்ளாக், கோப்புறையாகத் திறந்து வரிசையாகக் கேட்கும் பழக்கம் என்றால் அழகாக ஓடும். டாக் பலகையும் ஆம்ப்ளிஃபயரும் பற்றி வழி 2-இல் சொன்னதெல்லாம் இதற்கும் பொருந்தும்.

## ஒரே பார்வையில்

| அளவுகோல் | போன் + டாங்கிள் | பை ஜீரோ 2 | ஐபாட் + ராக்பாக்ஸ் | ஈஎஸ்பி32 |
|---|---|---|---|---|
| 24/96 மாறாமல் | ஆம், சரியான செயலியோடு | ஆம் | இல்லை | கூடுதல் நினைவகமும் நல்ல நிரலும் இருந்தால் |
| இயர்போன் ஆம்ப்ளிஃபயர் | டாங்கிளில் உண்டு | தனியாக வேண்டும், அல்லது டாங்கிள் | உள்ளேயே உண்டு | தனியாக வேண்டும் |
| 300 ஓம் ஹெட்போன் | 2 வோல்ட் டாங்கிள் இருந்தால் | அதேபோல் | போதாது | தகுந்த ஆம்ப்ளிஃபயர் இருந்தால் |
| பேட்டரி | பழமையைப் பொறுத்தது | 2,000 மில்லியாம்பியர்-மணிக்கு சுமார் 5 மணி நேரம் | மிக நன்று | நன்று |
| தொடங்கும் வேகம் | உடனடி | அரை நிமிடம் போல | சில நொடி | ஓரிரு நொடி |
| பார்க்காமல் இயக்க | ஒலியளவுப் பொத்தான் மட்டும் | நீங்கள் வைக்கும் பொத்தான்கள் | மிகச் சிறப்பு | நீங்கள் வைக்கும் பொத்தான்கள் |
| மறைந்த செலவு | செயலி, பிரிப்பு இணைப்பி | மின்சுற்று, பெட்டி, நிரல் எழுதும் பொழுது | அடாப்டர், பேட்டரி, திறக்கும் ஆபத்து | நிரல் எழுதும் பொழுது |

## யாருக்கு எது

சாலிடர் இரும்பு பிடித்தே பழக்கமில்லை, நல்ல இசை வேண்டும் என்பது மட்டுமே நோக்கம் என்றால் வழி 1. வேறு யோசனை வேண்டாம். நடக்கும்போதும் ஓடும்போதும் கேட்பவர், திரையைப் பார்க்கவே பிடிக்காதவர், தொகுப்பில் பெரும்பகுதி குறுந்தகட்டுத் தரத்திலேயே இருப்பவர் ஐபாடைத் தேடலாம். நிரல் எழுதத் தெரிந்தவர், மேசையில் ஒலிபெருக்கியோடும் சட்டைப் பையில் இயர்போனோடும் ஒரே கருவியைப் பயன்படுத்த விரும்புபவர் ராஸ்பெர்ரி பையில் கட்டலாம். மாணவர்களுக்கும், மின்னணுவியலை இசை வழியே கற்க நினைப்பவர்களுக்கும் ஈஎஸ்பி32.

இரண்டு மனமாக இருப்பவர்களுக்கு ஒரு வாங்கும் வரிசை சொல்கிறேன். முதலில் டாங்கிளை மட்டும் வாங்குங்கள். கையில் உள்ள ஏதாவது போனில் செருகி, உங்கள் இயர்போனுக்குச் சத்தம் போதுமா, மெல்லிய பகுதிகளில் இரைச்சல் இருக்கிறதா என்று பாருங்கள். ஹை-ரெஸ் கோப்புகளையும் அப்போதே சோதித்துவிடலாம்: கணினியில் ஆடாசிட்டி மென்பொருளில் அலைமாலையாக (ஸ்பெக்ட்ரோகிராம் என்ற அதிர்வெண் படமாக) திறந்தால், 22 கிலோஹெர்ட்ஸுக்கு மேல் கத்தியால் வெட்டியதுபோல் வெறுமையாக இருக்கும் 96 கிலோஹெர்ட்ஸ் கோப்பு பெரும்பாலும் குறுந்தகட்டிலிருந்து ஊதிப் பெருக்கியது. சில வாரம் கேட்ட பிறகும் கட்டும் ஆசை அடங்கவில்லை என்றால், பை ஜீரோ 2-ஐயும், அதன் சிறு யூஎஸ்பி துளையில் டாங்கிளைச் செருக உதவும் ஒரு ஓடிஜி இணைப்பியையும் வாங்கி, அதே டாங்கிளை அதில் செருகி, பவர்பேங்கில் ஓட்டிப் பாருங்கள். பேட்டரி, திரை, பொத்தான், பெட்டிக்கான பணத்தை அதற்குப் பிறகு எடுத்தால் போதும்.